பணம் முதலிலா, பத்திரம் முதலிலா?

"வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்கு சார். விலையும் பேசியாச்சு. ஒரிஜினல் பத்திரத்தை ஒரு தடவை கண்ணால பார்த்துட்டா அட்வான்ஸ் கொடுத்துடுவோம்."

மதுரை திருநகரில், என் பெரியப்பா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அந்த டீச்சர் இதைச் சொன்னபோது, பெரியம்மா கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது. கணவன், மனைவி இருவருமே பள்ளி ஆசிரியர்கள். வீடு பார்க்க அவர்கள் வந்தது அது நான்காவது முறை. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "பத்திரம் பேங்க்ல இருக்கும்மா. பதினோரு லட்சத்துச் சொச்சம் பாக்கி. நீங்க பணம் குடுத்தீங்கன்னா கட்டி எடுத்துடலாம்."

டீச்சரின் கணவர் அதுவரை வாய் திறக்கவில்லை. "நாங்க பணத்தைக் கட்டி, பத்திரம் வரலைன்னா?"

பெரியப்பாவிடமும் ஒரு கேள்வி இருந்தது. அவர்கள் கிளம்பிப் போகும்வரை காத்திருந்து என்னிடம் கேட்டார். "ஏன்டா, நான் கையெழுத்தைப் போட்டுட்டு பணம் வரலைன்னா?"

2024 தொடக்கத்தில் நடந்த கதை இது. வங்கி அடமானத்தில் இருக்கும் வீட்டை விற்கலாமா என்று கேட்டால் பதில் சுருக்கமானது: விற்கலாம். 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் இன்றும் அப்படித்தான் சொல்கிறது. அடமானம் வைத்ததால் வீடு வங்கியுடையது ஆகிவிடுவதில்லை. கடனைத் தீர்த்துப் பத்திரத்தை மீட்கும் உரிமை உரிமையாளரிடமே இருக்கிறது. அந்த உரிமையோடு சேர்த்து வீட்டைக் கைமாற்றவும் அவரால் முடியும். ஆனால் எங்கள் முன்னறையில் அன்று யாரும் சட்டத்தில் சந்தேகம் கேட்கவில்லை. பணம் போய்ச் சேரும் நாளுக்கும் பத்திரம் கைக்கு வரும் நாளுக்கும் நடுவே சில நாட்கள் விழுகின்றன. அந்த நாட்களில் யார் யாரை நம்புவது? இரண்டு பக்கமும் கேட்டது அந்த ஒன்றைத்தான். இதற்கு ஒழுங்காக விடை கண்டுபிடிக்காத வியாபாரங்கள்தான் பாதியில் முறிகின்றன, அல்லது கோர்ட்டில் போய் நிற்கின்றன.

கிரயப் பத்திரம் படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏதும் தெரியவந்தால் என் சொந்தச் செலவில் நானே முன்னின்று தீர்த்துத் தருவேன் என்று எல்லாப் பத்திரத்திலும் ஒரு வாசகம் இருக்கும். அச்சடித்ததுபோல வருவதால் விற்பவரும் வாங்குபவரும் அதைப் படிப்பதில்லை. 'வில்லங்கம்' என்ற சொல் பத்திரத்திலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்து, "வில்லங்கமான ஆளுப்பா" என்று மனிதர்கள்மேல் ஒட்டிக்கொண்டதும் சும்மா இல்லை. பதிவுத்துறையில் அதன் அர்த்தம் அவ்வளவு பயங்கரமானதல்ல. இந்தச் சொத்தின்மேல் இன்னாருக்கு இன்ன பாத்தியதை பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான். வங்கிக் கடன் என்றால் வில்லங்கச் சான்றில் 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு' என்று ஒரு வரி விழும். எல்லோர் வாயிலும் அது எம்.ஓ.டி.

பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாலே அடமானம் ஆகிவிடும் என்ற இந்த முறை பெருநகர வியாபாரிகளின் அவசரத்துக்காக வந்தது. அடமானப் பத்திரம் எழுதி, பதிவு செய்து, சாட்சி தேடிக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரம் இல்லை. அதனால் கல்கத்தா, மதராஸ், பம்பாய் என்று ஊர்ப் பெயரையே சட்டத்துக்குள் எழுதி, அங்கெல்லாம் பத்திரத்தை ஒப்படைத்தாலே போதும் என்றார்கள். மற்ற ஊர்களை மாநில அரசுகள் பின்னால் சேர்த்துக்கொண்டன. மதராஸ் கடைவீதிக்காக எழுதிய பிரிவுதான் இன்று திருநகர் மாடி வீட்டையும் கட்டிப் போட்டிருக்கிறது.

முதல் வரியில் ஒரு மரக்கடைக்காரர்

வாங்குபவர்களுக்கும் 40 லட்சம் கடன் தேவைப்பட்டது. அவர்களுடைய வங்கியின் வக்கீல் 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று, அதாவது ஈ.சி. கேட்டார். தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களுக்கு 1975 முதலான விவரங்களைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்க முடிகிறது. நானே போட்டுப் பார்த்தேன். 2011-ல் மாடி கட்டுவதற்காகப் பெரியப்பா வாங்கிய கடன் எதிர்பார்த்தபடி கீழே இருந்தது. எதிர்பாராதது, முதல் வரியிலேயே இருந்தது. 1995, அடமான ஆவணம், தொகை 40,000 ரூபாய். எழுதி வாங்கியவர் ஒரு மரக்கடை முதலாளி.

"அட, அது எப்பவோ தீர்த்தாச்சேடா" என்றார் பெரியப்பா. நிலைவாசல், ஜன்னல், கதவு எல்லாம் அந்தக் கடை மரமாம். அலமாரியைக் குடைந்து அந்த அசல் அடமானப் பத்திரத்தையும் எடுத்துவிட்டார். பின்பக்கம் பச்சை மையில் நான்கு வரி: அசலும் வட்டியும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக, 1999-ஆம் வருடத் தேதி போட்டு மரக்கடைக்காரர் கையெழுத்து. அந்தக் காலத்து நாணயம் அப்படி. கடன் தீர்ந்ததா, பத்திரத்தின் முதுகில் வரவு எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அதைத் திரும்பப் பதிவு அலுவலகத்தில் கொண்டுபோய் 'ரசீது' ஆவணமாகப் பதிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. பதியாததால் பதிவேட்டில் அந்த அடமானம் 29 வருடமாக உயிரோடு இருந்தது.

சரி, 2011-ல் கடன் கொடுத்த வங்கிக்கு இது எப்படித் தெரியாமல் போனது? அடமானக் கடனுக்காக வழக்குப் போட 12 வருடம் கெடு. அதைக் கணக்கில் வைத்து 13 வருட ஈ.சி. பார்ப்பது அப்போது பல இடங்களில் வழக்கம். 2011-லிருந்து பதின்மூன்று வருடம் பின்னால் போனால் 1998-தான் வருகிறது. மரக்கடைக்காரர் மூன்று வருட இடைவெளியில் தப்பிவிட்டார். இப்போது 30 வருடம் என்றதும் மாட்டினார்.

கெடு தாண்டிய கடன்தானே, விட்டுவிடலாமே என்று கேட்டேன். வக்கீல் சிரித்தார். "உங்க பெரியப்பா ஜெயிப்பார் சார், கேஸ் வந்தா. எங்க பேங்க் கேஸே வரக்கூடாதுன்னு பார்க்குது."

மரக்கடைக்காரர் காலமாகியிருந்தார். கடை இருந்த இடத்தில் மொபைல் ஷோரூம். பக்கத்துப் பாத்திரக்கடையில் விசாரித்து, மகன் காரைக்குடியில் இருப்பதைத் தெரிந்துகொண்டோம். மகள் திண்டுக்கல்லில். வாரிசுச் சான்றிதழோடு இருவரும் வந்து ரசீது பதிந்து கொடுக்க வேண்டும். தயங்கித் தயங்கித்தான் போன் பண்ணினோம், முப்பது வருடத்துக்கு முந்தைய கணக்கைச் சொல்லி ஒருவரைக் கையெழுத்துக்குக் கூப்பிடும்போது, "எவ்வளவு தருவீங்க?" என்று கேட்பவர்களும் உண்டு. காரைக்குடிக்காரர் அப்படிக் கேட்கவில்லை. சார்பதிவாளர் அலுவலக வாசலில், வேப்பமர நிழலில் நின்றுகொண்டு பத்திரத்தைத் திருப்பி அந்தப் பச்சை மை எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினார். "அப்பா 'ழ' இப்படித்தான் போடுவாரு, இல்ல?" பிறகு போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார். பஸ் காசு கொடுக்கப் போன பெரியப்பாவிடம், "வேணாங்கய்யா, டீ மட்டும் வாங்கிக் குடுங்க" என்றார்.

எல்லோருக்கும் இப்படி அமையாது. வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் பேச்சுவார்த்தையே இல்லாதவர் என்றால் மாதக்கணக்கில் இழுக்கும். வீட்டை விற்கும் எண்ணம் வந்த அன்றைக்கே விற்பவர் தன் வீட்டுக்கே ஈ.சி. போட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் இப்போது பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான். வாங்க வந்தவரின் வக்கீல் சொல்லித் தெரிந்துகொள்வது அசிங்கம் மட்டுமல்ல. பேசிய விலையிலும் ஒரு லட்சம் இறங்கும்.

சான்றில் வராதவை

ஈ.சி. சுத்தமாக இருந்தால் வீடும் சுத்தம் என்று நினைப்பது இன்னொரு பக்கத்துத் தவறு. பதிவானது மட்டும்தான் அதில் வரும். தென்மாவட்டங்களில் தெருவுக்குத் தெரு 'வீடு ஒத்திக்கு' என்று போர்டு தொங்குகிறது. எட்டு லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரும். சென்னையில் இதையே போக்கியம் என்பார்கள், லீஸ் என்பார்கள். சொத்தை அனுபவிக்கக் கொடுக்கும் அடமானத்தைப் பதிவு செய்யத்தான் வேண்டும். நடைமுறையில் இருபது ரூபாய், நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வதோடு சரி. சான்றில் ஒரு வரியும் இருக்காது. ஆனால் பத்து லட்சம் கொடுத்தவர் கீழ்வீட்டில் குடும்பத்தோடு இருப்பார், பணம் வராமல் ஓர் அடி நகரமாட்டார். ஒருவர் குடியிருப்பதே அவருடைய உரிமையைப் பற்றி வாங்குபவருக்குக் கொடுக்கப்பட்ட அறிவிப்பு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். "எனக்குத் தெரியாது" என்று அப்புறம் சொல்ல முடியாது. ஆகவே வீடு பார்க்கப் போகிறவர் சமையலறை மேடையைத் தட்டிப் பார்ப்பதோடு, கீழ்வீட்டுக் கதவையும் தட்டி, "நீங்க வாடகையா, ஒத்தியா?" என்று கேட்டுவிட வேண்டும்.

பதிவு செய்யாமல் பத்திரத்தை மட்டும் ஒப்படைத்து வாங்கிய வங்கிக் கடனும் ஈ.சி.யில் தெரியாமல் போகலாம். அதற்காகவே 2011-ல் செர்சாய் என்ற மத்தியப் பதிவகம் வந்தது. சின்னக் கட்டணம் கட்டி யாரும் தேடிப் பார்க்கலாம். பழைய சொந்தக்காரரின் மின்கட்டணப் பாக்கியைப் பற்றி 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது: சட்டத்தில் தனியாகச் சொல்லியிருந்தாலொழியப் பாக்கி நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வராது, ஆனால் புது இணைப்புக் கேட்கும்போது அதைக் கட்டச் சொல்லும் நிபந்தனையை மின்வாரியம் வைக்கலாம். கோர்ட் ஜப்தி இருக்கும் வீடு வேறு கதை. ஜப்திக்குப் பின் செய்த விற்பனை, ஜப்தி வாங்கியவரின் பாத்தியதைக்கு முன்னால் நிற்காது. அந்த வீட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

புரோக்கர் சொன்ன குறுக்குவழி

இந்த இழுபறிக்கு நடுவில் ஒரு புரோக்கர் வந்தார். வெள்ளைச் சட்டை, இரண்டு போன். "எதுக்குண்ணே இவ்வளவு சிரமம்? டீச்சர் பேருக்கு ஒரு பவர் எழுதிக் குடுத்துடுங்க. மீதிப் பணத்தை வாங்கிக்கங்க. லோனை அவங்க மாசாமாசம் கட்டிக்கட்டும். முடிஞ்சதும் அவங்களே கிரயம் பண்ணிக்குவாங்க."

கேட்க இனிப்பாக இருக்கும். அடுக்குமாடி வீடுகளில் இப்படி நிறைய நடக்கிறது என்பதும் உண்மை. ஆனால் பவர் பத்திரத்தால் சொத்தில் உரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் அடித்துச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்தால், பொதுவாகப் பவரும் அவரோடு போய்விடும். வாங்கியவர் அப்புறம் வாரிசுகளோடு மல்லுக்கட்ட வேண்டும். கொடுத்தவர் பாடும் சுகமில்லை. கடன் அவர் பேரில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் மூன்று மாதம் தவணை கட்டாவிட்டால் நோட்டீஸ் வருவது இவர் வீட்டுக்கு, சிபில் மதிப்பெண் கெடுவது இவருக்கு. பெரியப்பாவுக்கு 71 வயது. "நான் செத்தா இந்தப் பவர் என்னாகும்?" என்று அவரே புரோக்கரிடம் நேராகக் கேட்டார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றார் அவர். எது ஒன்றும் ஆகாது என்றார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தவணை ஏற்கெனவே தவறிப்போனவர்களுக்கு இன்னும் நெருக்கடி. 90 நாள் கட்டாவிட்டால் வாராக்கடன். பிறகு 2002-ஆம் வருடத்து சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அந்த நோட்டீஸ் வந்தபின் வங்கி எழுதிக் கொடுக்காமல் வீட்டை விற்க முடியாது. ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால் பணத்தைக் கட்டி மீட்கும் உரிமையும் போய்விடும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கஷ்டத்தில் இருப்பவர்கள் வங்கிப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் ஒளிவது இயல்பு. ஆனால் நோட்டீசுக்கு முன்பே மேலாளரிடம் போய், "நானே ஆள் பார்த்து விற்றுக் கட்டிவிடுகிறேன்" என்று எழுதிக் கொடுப்பவருக்கு நல்ல விலை கிடைக்க வழி உண்டு. ஏலத்தில் வீட்டை எடுக்க வருபவர் உங்கள் மகள் கல்யாணத்தை நினைத்துக்கொண்டு வருவதில்லை.

பத்தொன்பது நாள்

கடைசியில் எங்கள் முடிச்சு அவிழ்ந்தது இப்படி. கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தோம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அதைப் பதிவது கட்டாயம். விலை 62 லட்சம். அட்வான்ஸ் பெரியப்பா கையில் வராது, அவருடைய கடன் கணக்குக்கே காசோலையாகப் போகும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினோம். வங்கியிடம் பாக்கிக் கடிதமும், தங்களிடம் இருக்கும் பத்திரங்களின் பட்டியலும் வாங்கி இணைத்தோம். பாக்கி 11,40,000, தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 281 ரூபாய் கூடும் என்று கடிதம் சொன்னது. முன்கூட்டியே கட்டுவதற்கு அபராதம் இல்லை. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு வங்கிகள் அதை வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே நிறுத்திவிட்டது.

டீச்சர் வீட்டாரைச் சமாதானப்படுத்தியது, சொத்து மாற்றுச் சட்டத்தில் அதிகம் பேர் கவனிக்காத ஓர் இடம். வாங்குபவர் முறையாகக் கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின்மேலேயே அவருக்குப் பாத்தியதை உண்டு. விற்பவருக்கும் அதேபோல, கிரயம் முடிந்தும் வராத பாக்கிக்கு வீட்டின்மேல் பாத்தியதை உண்டு. சுருக்கமாகச் சொன்னால், வில்லங்கத்தைத் தீர்க்கப் பணம் கொடுத்தவரே அந்த நிமிடத்திலிருந்து ஒரு புது வில்லங்கத்தின் சொந்தக்காரர். வக்கீல் இதைச் சொன்னதும், டீச்சர் முதன்முறையாகக் கணவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

திங்கட்கிழமை பணம் கட்டினோம். கடன் கணக்கு அன்று மாலையே பூஜ்ஜியம். "பத்திரம்?" என்றோம். அது வேறு மாநிலத்தில் ஒரு கிடங்கில் இருக்கிறதாம். "ரிசர்வ் வங்கியே முப்பது நாள் டைம் குடுத்திருக்கே சார்" என்றார் கவுன்ட்டரில் இருந்த இளைஞர், மிக மரியாதையாக. அவர் சொன்னது 2023 செப்டம்பர் சுற்றறிக்கை. கடன் முழுதும் தீர்ந்து 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைக் கொடுத்து, பாத்தியதைப் பதிவையும் நீக்க வேண்டும். தவறு தங்கள் பக்கம் என்றால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் கடன்தாரருக்கு 5,000 ரூபாய். 2023 டிசம்பர் 1 முதல் அமல். பத்திரம் தொலைந்தே போயிருந்தால் நகல் எடுக்கும் செலவு வங்கியுடையது, அதற்கு மேலும் 30 நாள். நல்ல விதிதான், அதற்கு முன்பு ஆறு மாதம் நடந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் இதற்குமேல் தாமதிக்காதே என்று போட்ட கெடுவை, இதுவரை தாமதிக்கலாம் என்று கவுன்ட்டர்கள் படித்துக்கொண்டன. கட்டிய பணம் நான்கு நொடியில் போய்ச் சேர்கிற காலத்தில், ஒரு காகிதக் கட்டு பத்தொன்பது நாள் பயணம் செய்தது. பெரியப்பா அந்த நாட்களில் சரியாகத் தூங்கவில்லை. டீச்சர் வீட்டிலும் அப்படித்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

பத்திரம் வரும்வரை காத்திருப்பதைத் தவிர அன்றைக்கு வேறு வழியும் இருக்கவில்லை. 2022-ல் தமிழ்நாடு பதிவு விதிகளில் சேர்த்த 55-ஏ விதிப்படி, முந்தைய அசல் ஆவணத்தைக் காட்டாமல், அடமானம் இருந்தால் கடன் கொடுத்தவரின் தடையின்மைச் சான்று இல்லாமல், சார்பதிவாளர் கிரயத்தைப் பதியமாட்டார். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வில், அந்த விதி செல்லாது என்றது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை இல்லை, 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டம் அந்த அதிகாரத்தைத் தரவில்லை என்பது காரணம். போலிப் பத்திரங்களைத் தடுக்கத்தானே விதி கொண்டுவந்தோம் என்ற அரசின் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பிறகு சட்டமன்றத்தில் திருத்தச் சட்ட முன்வரைவே கொண்டுவந்தார்கள். விதி இருந்தாலும் போனாலும், வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் வங்கி அசல் பத்திரம் இல்லாமல் ஒரு ரூபாயும் விடாது. ஆகவே அந்த நடு நாட்கள் எங்கேயும் போய்விடவில்லை.

வரி விஷயத்தில் ஒரு சங்கதி சொல்லிவிட வேண்டும். ஐம்பது லட்சம் அல்லது அதற்கு மேல் விலை என்றால், வாங்குபவர் ஒரு சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். பணத்தின் ஒரு பகுதி நேராக வங்கிக்குப் போனாலும் கணக்கு முழு விலைக்குத்தான், எங்களுக்கு 62,000. அதைவிடப் பலர் ஏமாறுவது மூலதன ஆதாய வரியில். "கடனுக்குப் பதினோரு லட்சம் போயிடுச்சே, மிச்சத்துக்குத்தானே வரி?" என்று பெரியப்பாவும் கேட்டார். தமிழ்நாட்டிலிருந்து போன இரண்டு வழக்குகளில் 1997-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. முன்னோர் வைத்துவிட்டுப் போன அடமானத்தை வாரிசு தீர்த்தால் அந்தத் தொகையைச் செலவில் கழிக்கலாம். தானே வைத்த அடமானத்தைத் தானே தீர்த்தால் கழிக்க முடியாது. "அப்ப எங்கப்பா வச்சிருந்தா லாபம்கிறே" என்றார் பெரியப்பா.

பதிவு நாளன்று பத்தரை மணி டோக்கன். பழைய வங்கியின் அதிகாரி பத்திரக் கட்டோடு வந்தார். பழுப்பு உறை, சிவப்பு நூல், மேலே ஒட்டியிருந்த பார்கோடு. பெரியப்பா நூலை அவிழ்த்து, 1991-ல் மனை வாங்கிய தன் கிரயப் பத்திரத்தை எடுத்து, மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு தன் பழைய கையெழுத்தைப் பார்த்தார். பதிமூன்று வருடத்துக்குப் பின் கைக்கு வந்தது, இன்னும் ஒரு மணி நேரத்தில் போகப்போகிறது. முதலில் வங்கியின் ரசீது ஆவணம் பதிவானது. கேமராவைப் பார்த்து, கைரேகை வைத்து, எம்.ஓ.டி. கழிந்தது. அப்போது பதினொன்றேமுக்கால். அடுத்தது கிரயம். டீச்சர் பெயரில் 'சு'வுக்குப் பதில் 'க' அடித்துவிட்டார்கள் என்று கடைசி நேரத்தில் ஒரு பக்கம் மாற்ற வேண்டியிருந்தது. பன்னிரண்டரைக்கு அதுவும் முடிந்தது. வரைவோலையைப் பெரியப்பா சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டார்.

நாங்கள் எழுந்தோம். டீச்சரும் கணவரும் எழவில்லை. அவர்களுடைய வங்கி ஆள் அடுத்த நாற்காலியில் காத்திருந்தார். கையில் புது உறை, புது எம்.ஓ.டி. நாற்பது லட்சத்துக்கு. பெரியப்பா என் காதருகே வந்து, "டேய், வீடு எவ்வளவு நேரம்டா யாருக்கும் கடன்படாம இருந்துச்சு?" என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் இருக்கும் என்றேன்.